நிற்பதற்கும் ஓர் இடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின் போது தியாகராசப் பெருமானின் தேர் வீதிகளைச் சுற்றி வந்து நிலைக்கு நிற்கும். தேர் ஓடுவதற்கு வீதி வேண்டும். திரும்புவதற்கு அகன்ற முனை வேண்டும். ஓடி முடித்த பின் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத் தேரடி என்று பெயர். தேர் ஆண்டில் ஒரு நாள்தான் ஓடுகிறது. மற்ற நாள்களெல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அது நிற்கும் இடத்தைச் சுற்றியே பூக்கடையும் தேங்காய்க் கடையும் வளையல் கடையும் வளர்ந்தன. 2022 மார்ச்சில் அங்கே மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டபோதும் அதற்குத் 'திருவொற்றியூர் தேரடி' என்றே பெயர் வைத்தார்கள். ஊரைத் திட்டமிட்ட நம் முன்னோர், ஓடுவதை மட்டும் எண்ணவில்லை; நிற்பதையும் எண்ணியிருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது தேரைப் பற்றி அன்று, லாரியைப் பற்றி. லாரிகள் கூடும் ஒரு முனையைப் பற்றி. அந்த முனையில் டீக்கடை வைத்திருக்கும் என் தந்தையைப் பற்றி.

எங்கள் கடை மணலிப் பக்கம். இரண்டு பெரிய சாலைகள் கூடும் இடம். ஊரார் அதை 'முனை' என்றுதான் சொல்வார்கள். வேறு பெயர் தேவைப்பட்டதில்லை. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965லும் உர ஆலைக்கான நிறுவனம் அதற்கு அடுத்த ஆண்டும் தொடங்கப்பட்டன. அவற்றைச் சுற்றி வேறு ஆலைகளும் கிடங்குகளும் வந்தன. ஆலை வந்தால் லாரி வரும். லாரி வந்தால் டிரைவர் வருவார். டிரைவர் வந்தால் டீ வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமலே என் தந்தை போட்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, ஒரு டஜன் கண்ணாடி கிளாஸ் ஆகியவற்றோடு கடை தொடங்கிவிட்டது. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மசால் வடைக்குப் பருப்பு அரைப்பார். ஆந்திரத்து டிரைவர்களோடு அப்பா தெலுங்கு பேசுவார். வடநாட்டு டிரைவர்களோடு நான்கைந்து இந்திச் சொற்களை வைத்துச் சமாளிப்பார். எனக்கு முதன்முதலில் எண் கற்பித்தது அந்தக் கடையின் கடன் நோட்டுதான்.

பிறகு சாலை மாறத் தொடங்கியது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகிய நான்கையும், மொத்தம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, துறைமுகங்களுக்குச் செல்லும் வண்டிகளுக்காக அகலப்படுத்தும் வேலை 2011ல் தொடங்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு மாற்றம். நீதிமன்ற ஆணையின்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளுவது நின்றது. கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இராயபுரத்து வீடுகளின் மாடியில் உலர்த்திய துணியில் கரித்தூள் படியாதது பெரிய நன்மை. ஆனால் கரி லாரி வேறு வழியில் போகும்போது, அந்த லாரியின் டிரைவரும் வேறு இடத்தில் டீ குடிக்கப் போய்விடுகிறார் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு முனையின் வாணிபம் அந்த முனையிலேயே தீர்மானமாவதில்லை. பத்து மைலுக்கு அப்பால் எங்கோ தீர்மானமாகிறது.

சாலை அகலமானது நல்லதுதான். மழை பெய்தால் முழங்கால் அளவு பள்ளத்தில் லாரி சாய்ந்து கிடந்த நாள்களை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே ஓடிக் கடந்ததையும் பார்த்திருக்கிறேன். எனவே யார் மீதும் குறை சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாலையின் நடுவே இடுப்பளவு உயரத்தில் நடுத்திட்டு வந்தது. அதுவரை இரு பக்கத்து லாரிகளும் எங்கள் கடைக்கு வாடிக்கை. நடுத்திட்டு வந்த மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கத்து டிரைவர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். பத்தாண்டுகளாகப் பழகிய மனிதர்கள், கடக்க வழியில்லை. வாடிக்கையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் கையசைப்பாக மாறிவிட்டது. அன்று மாலை அப்பா மீந்த பாலைத் தயிருக்கு உறை ஊற்றச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நாங்கள் ஒரு வாரம் தயிர்ச் சோறு சாப்பிட்டோம். சின்னப் பிள்ளையான எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. அம்மாவின் முகம் ஏன் வாடியிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது, கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு நான்கு இளைஞர்கள் எங்கள் பெஞ்சில் வந்து அமர்ந்தார்கள். போகிற வண்டிகளை எண்ணுவது அவர்கள் வேலை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். அப்பா அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, வண்டிய எண்றீங்க, சரி. உள்ள குந்தினு கீற ஆள எண்றீங்களா?"

அவர்கள் சிரித்தார்கள். "அது எங்க பாரத்துல இல்ல அண்ணே" என்றார் ஒருவர்.

அந்தப் பதில் என் மனத்தில் தங்கிவிட்டது. கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் தேடிப் படித்தேன். சாலைப் பொறியியலில் 'பயணிகள் கார் அலகு' என்று ஓர் அளவை உண்டு. பலவகை வண்டிகளையும் ஒரே கணக்கில் கூட்டுவதற்காக ஏற்பட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஊர்ப்புறச் சாலைகளுக்கு வகுத்த கணக்கில் ஒரு கார் 1 அலகு. லாரியோ பேருந்தோ 3. டிரெயிலர் பூட்டிய லாரி 4.5, சைக்கிள் அரை, கைவண்டிக்குக்கூட 3. வண்டி சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, மற்ற வண்டிகளை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதே இந்த அலகின் பொருள். அழகான கணக்கு, அவசியமான கணக்கு. ஆனால் அதில் நிற்கிறவனுக்கு எண் கிடையாது. நடப்பவனுக்கும் கிடையாது. 4.5 அலகாக வந்த டிரெயிலர் ஓரமாக நின்று, டிரைவர் இறங்கி முகம் கழுவிக் கொண்டு "அண்ணே, ஒரு டீ" என்று சொல்லும் அந்தக் கணத்தில், அவர் கணக்கிலிருந்தே மறைந்து விடுகிறார். வாணிபம் பிறப்பதோ அந்தக் கணத்தில்தான்.

சென்ற கோடை விடுமுறையில் நானே ஒரு கணக்கெடுக்க முயன்றேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடையோரம் உட்கார்ந்து, நின்ற லாரிகளை மட்டும் குறித்தேன். எதற்காக நின்றார் என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டேன். டயரில் காற்று பார்க்க, எடைமேடைச் சீட்டு வாங்க, கண்டெய்னர் யார்டிலிருந்து அழைப்பு வரும் வரை காத்திருக்க, ஊருக்குப் பேச, தூக்கம் தாளாமல். டீக்காகவே நின்றேன் என்றவர் பத்தில் இருவர்கூட இல்லை. மற்றவரெல்லாம் வேறொன்றுக்காக நின்று, நின்றதனால் டீ குடித்தவர்கள். இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக அப்பாவிடம் சொன்னேன். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "இதுக்கு ஒரு நோட்டு வேணுமா? பஞ்சர் கடைக்குப் பக்கத்துல டீக்கடை போடணும்னு எனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் அன்று அடுப்பங்கரை வரை போய்த் திரும்பி வந்தது.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நம் நகரத்தைப் பார்த்தால் பல செய்திகள் விளங்குகின்றன. 1969ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தையொட்டிச் சிறு கடைகள் ஏற்பட்டன. அதுவே பர்மா பஜார். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில் நிலையம், நடுவே இறங்கி நடக்கும் கூட்டம். மக்கள் ஏற்கெனவே நின்ற இடத்தில் கடை வந்தது, கடை நிலைத்தது. கொத்தவால் சாவடியின் காய்கறி வாணிபத்தை 1996ல் கோயம்பேட்டுக்கு மாற்றியது வேறு வகை. அங்கே ஏறத்தாழ 295 ஏக்கரில் சந்தையையே முதலில் கட்டினார்கள். உள்வட்டச் சாலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அருகில் இருந்தன. லாரி உள்ளே வந்து நின்று சரக்கு இறக்க இடம் இருந்தது. 2002ல் பேருந்து நிலையமும் வந்தது. ஓடும் வண்டியை நிற்கும் வண்டியாக்கியதே கோயம்பேட்டின் வெற்றி. பின்னர் 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பயணிகள் நிற்கும் இடம் அங்கே போயிற்று. அவர்களை நம்பியிருந்த தோசைக் கடையும் பழக்கடையும் என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டுத் தயிரிலிருந்தே நான் ஊகிக்க முடியும்.

எங்கள் பகுதியிலேயே சாத்தங்காட்டில் இரும்பு எஃகுச் சந்தை இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெரிந்துகொண்டிருந்த இரும்பு வாணிபத்துக்காகத் திட்டமிட்டு அமைத்தது. சாலை உண்டு, மனை உண்டு, எடைமேடை உண்டு. ஆனாலும் மனையை ஒதுக்கியவுடன் வாணிபம் ஓடிவந்து குடியேறிவிடவில்லை. பழகிய இடத்தை விட்டு வர வியாபாரிக்கு மனம் வேண்டும். கூலியாளுக்கும் வண்டிக்காரனுக்கும் சோறு கிடைக்க வேண்டும். கத்திப்பாராவின் கதையும் நினைக்கத் தக்கது. 2008ல் அந்த மேம்பாலம் திறந்தபோது நான்கு இதழ் விரித்த பூவைப் போன்ற அதன் அமைப்பை எல்லோரும் வியந்தார்கள். வண்டிகள் நிற்காமலே நான்கு திசைக்கும் பிரிந்தன. பாலத்தின் அடியில் கிடந்த நிலத்தில் பேருந்து நிற்கவும், மக்கள் உட்காரவும், கடைகள் வைக்கவும் இடம் அமைந்தது 2021ல். ஓடுவதற்கு வழி செய்த பின், நிற்பதற்கு வழி செய்யப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின!

இவற்றையெல்லாம் நான் ஏன் தேடினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை திட்டமிடப்பட்டிருக்கிறது. அதன் முதற்பகுதி துறைமுகத்திலிருந்து பொன்னேரிக்கு அப்பால் உள்ள தச்சூருக்குப் போகிறது. தச்சூர் ஏற்கெனவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது. சித்தூரிலிருந்து வரும் ஆறுவழிச் சாலையும் முடிவது தச்சூரில்தான். மூன்று பெருஞ்சாலைகள் ஓரிடத்தில் கூடினால் என்னாகும்? புரோக்கர்கள் வருவார்கள். எங்கள் கடைக்கும் ஒருவர் வந்தார். "அண்ணே, நாளைக்குத் துறைமுகத்து லாரி முழுக்க அந்த வழிதான். மூலை இடம் ஒண்ணு இருக்கு. இப்பப் புடிச்சாத்தான் உண்டு" என்றார். அப்பாவின் கண்ணில் நான் பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் தெரிந்தது. சீட்டு எடுத்த பணம் வீட்டில் இருந்தது. அம்மாவின் கம்மலைச் சேர்த்தால் அட்வான்சுக்குப் போதும்.

"நீ படிச்சவன், நீ வந்து பாரு" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அதுவே முதல் முறை. எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி போய் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தச்சூர் கூட்டுச்சாலைக்குப் போனோம். 'கூட்டுச்சாலை' என்ற சொல்லையே பாருங்கள், சாலைகளின் கூட்டு, மனிதர்களின் கூட்டமும் அதற்குள் இருக்கிறது. புரோக்கர் எங்களை இன்னும் உள்ளே அழைத்துப் போனார். நேற்று வரை வயலாக இருந்த நிலம்; வரப்பு இன்னும் அழியவில்லை. வெள்ளைச் சாயம் பூசிய கல்லை ஊன்றியிருந்தார்கள்.

"இதான் மூலை. இப்படி வர்ற ரோடும் அப்படி வர்ற ரோடும் இங்கதான் சேருது" என்றார் புரோக்கர்.

"சேருற ரோடு தரையிலே சேருதா, மேலே பாலத்திலே சேருதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் கவர்ன்மெண்ட் பாத்துக்கும் தம்பி."

என் அச்சம் அதுதான். வேகச்சாலைகள் கூடும் இடத்தில் சுழல்பாதை போட்டு வண்டியை நிற்காமலே திருப்பி விடுவார்கள். நுழைவு கட்டுப்படுத்திய சாலைக்குள் நினைத்த இடத்தில் நுழையவோ, ஓரத்தில் வாசல் வைக்கவோ முடியாது. வழியோர வசதிகள் என்று 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெட்ரோல் நிலையமும் உணவகமும் கழிப்பறையும் அமைப்பது தேசிய நெடுஞ்சாலைத் துறையின் திட்டம். டிரைவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் குத்தகைக்கு எடுக்க எங்கள் சீட்டுப் பணம் போதாது. அப்படியானால் மூன்று சாலைகளும் எங்கள் மூலைக்கு மேலே கூடும். நாங்கள் அவற்றின் நிழலில் பாய்லரைப் பற்றவைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் முனையில் ஒரு பக்கத்து டிரைவர்கள் கை ஆட்டினார்கள்; இங்கே கை ஆட்டக்கூட முகம் தெரியாது.

இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் பேசவில்லை. வரப்பில் குந்தி, நெடுஞ்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக் கொண்டார்.

"இங்க ஒரு வண்டியும் நிக்கலடா" என்றார்.

"இப்போ நிக்கலை நைனா. ரோடு வந்தா நிக்கலாம்."

"நிக்கலாம். நிக்காமயும் போலாம். எங்க நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்."

"அப்போ விலை ஏறிடுமே."

"ஏறும்."

திரும்பும்போது ரயிலில் இருவரும் பேசவில்லை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அம்மாவின் கம்மல் அவர் காதிலேயே இருக்கிறது. ஆனால் இன்றும் எனக்கு நிம்மதியில்லை. நாளை அந்த மூலைக்குப் பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு இறங்கி, லாரிகள் வரிசையாக நின்று, வேறொருவர் கடை வைத்துச் செழித்தால், "படிச்சவன் பேச்சைக் கேட்டேன்" என்று அப்பா சொல்லமாட்டார். ஆனால் நான் சொல்லிக்கொள்வேன். கணக்கில் விடை தெரியாவிட்டால் அடுத்த கணக்குக்குப் போகலாம். வாழ்க்கையில் அப்படிப் போக முடிவதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகியிருக்கிறது. இந்தச் சங்கடம் ஒரு டீக்கடைக்காரருக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை. சாலைச் சந்திப்பின் வரைபடத்தைப் போடும்போதே, வண்டி எங்கே நிற்கும் என்பதையும் அதே தாளில் வரையலாம். 40 அடிக் கண்டெய்னர் ஏற்றிய டிரெயிலர் ஒரு முனையில் நினைத்தபடி நிற்க முடியாது, நின்றால் விபத்து. அதற்கென்று ஒதுங்குமிடம் வேண்டும். அங்கே குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். சாலையின் மறுபக்கத்திலிருந்து மனிதர்கள் கடந்துவர வழி வேண்டும். அதையொட்டி ஒரு பகுதியைச் சிறு சிறு கடைகளாகப் பிரித்து, அந்தச் சாலையால் பிழைப்பு மாறியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். முழுவதையும் ஒரே கையில் குத்தகைக்குக் கொடுத்துவிட்டால் கட்டடம் வரும், கூட்டு வராது. தெரு வியாபாரிகளுக்காக 2014ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நகரத் திட்டத்திலேயே வியாபாரத்துக்கான இடங்களை வகுக்கச் சொல்கிறது; வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் குழுவைக் கேட்கச் சொல்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை வரைபடத்தில் ஏற்றுவது, வரைபவரின் கையில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் இந்தப் பகுதியின் பிள்ளைகள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர், ஆலையில் ஷிப்ட் பார்த்தவர், காசிமேட்டில் மீன் விற்றவர் வீட்டுப் பிள்ளைகள். நாளை நம்மில் சிலர் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு முனையில் வண்டி எண்ணப் போகலாம். சிலர் அந்த எண்களை வாங்கி வரைபடம் போடும் மேசைக்கே போகலாம். அப்போது பெஞ்சில் இடம் கொடுத்து டீயும் கொடுக்கும் மனிதரையும் ஒரு கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால், ஓரத்தில் எழுதுங்கள்.

எங்கள் கடை இன்னும் முனையில்தான் இருக்கிறது. மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்றும் ஓரிரு பழைய டிரைவர்கள் கை ஆட்டுகிறார்கள். அப்பாவும் கிளாஸ் பிடித்த கையைத் தூக்கி ஆட்டுகிறார்.